ஒட்ட வைத்த இறகு

என் அப்பாவின் கையில் உடைந்த பொருள் எதுவும் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் அதை ஒட்ட வைக்காமல் அவருக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. நாற்பது வருடமாகக் கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். மகள் வீட்டுக்கு வந்தாலும் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் குறடு, அரம், நூல் ரம்பம், ஊதுகுழல், பற்றவைக்கிற வெள்ளிப் பொடி எல்லாம் கூடவே வரும். எங்கள் விமானப்படைக் குடியிருப்புக்கு வந்த பத்து நாளில் குளியலறைத் தாழ்ப்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிள் மணி, என் மிக்ஸி மூடி என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. நானும் வாய் கொள்ளாமல் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். விழா நாளன்று காலை ஏழே முக்காலுக்குச் சமையலறைக்கு வந்து, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொன்னார்.

மூடினேன். உள்ளங்கையில் இன்னும் சூடு ஆறாத எதையோ வைத்தார். திறந்து பார்த்தேன்.

அது என் வீட்டுக்காரரின் இறகு. விமானிகள் நெஞ்சில் குத்திக்கொள்வார்களே, நடுவில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும் விரிந்த சிறகு, அந்தச் சின்னம். இப்போது முழுசாக இருந்தது. அதை முழுசாக நான் பார்த்தது ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு சாயங்காலம், அதுவும் கால் மணி நேரம்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிகிற அன்று பெரிய அதிகாரி வந்து ஒவ்வொருவர் நெஞ்சிலும் இறகைக் குத்திவிடுவார். அந்த முதல் இறகை எங்கள் ஸ்குவாட்ரனில், அதாவது இவர் இருக்கிற விமானப் பிரிவில், யாரும் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்கே கழற்றி இரண்டாக ஒடித்துவிடுவார்கள். ஒரு பாதி விமானியிடம் இருக்கும். மறு பாதி அவருக்கு யார் முக்கியமோ அவரிடம் போகும். அதற்குப் பிறகு அந்த இரண்டு பாதியும் ஒரு கூரையின் கீழே வரக் கூடாது. அவை சேருகிற இடம் ஒன்றே ஒன்றுதான், சவப்பெட்டி. கொடி போர்த்துவதற்கு முன்னால் மனைவி தன் பாதியைக் கொண்டுவந்து அவர் பாதியோடு வைப்பாள். அப்படி வைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தி விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

இதெல்லாம் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. நான் படையின் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பூனை குறுக்கே போனால், பாவம் அதற்கு என்ன அவசரமோ என்று நினைக்கிற ஆள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் படிப்பு வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். இவருடைய பாதி ஸ்குவாட்ரன் அறையில், இவர் அலமாரியில் இருக்கும். பறக்கும்போது மட்டும் உடையின் இடது பைக்குப் போகும். என்னுடையது வீட்டில், ஊசி நூல் டப்பாவில். ஆறு வருடத்தில் இவருடையது எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை.

முந்தின நாள் தாண்டியிருக்கிறது. ஸ்குவாட்ரனின் ஐம்பதாவது ஆண்டு விழா. நான்கு விமானங்கள் மேடைக்கு மேலே பறக்க வேண்டும், நான்கு விமானிகளும் உடையில் விழாவுக்கான துணிச் சின்னம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. தையல்காரரிடம் கூட்டமாக இருக்கிறதென்று இவர் பறக்கும் உடையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். பைக்குள் இருந்ததை மறந்துவிட்டார். நான் சின்னத்தைத் தைத்தேனே தவிர, பையைத் தொடவில்லை. விடிந்ததும் அப்பா, மாப்பிள்ளை உடையை நானே இஸ்திரி போடுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். பையில் ஏதோ உறுத்த, எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். இவர் ஆறு மணிக்கு உடையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார். பிறகு அப்பா தன் சட்டைப் பொத்தானுக்கு நூல் தேடி டப்பாவைத் திறக்க, அதில் மறு பாதி கிடந்திருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி என் அப்பா.

"விழாவும் அதுவுமா மாப்பிள்ளை நெஞ்சுல குத்திக்கட்டும்னுதான். ஒட்டு தெரியுதா பாரு" என்றார். தெரியவில்லை. "இனிமே வேற எங்க வேணா ஒடையும். இந்த இடத்துல மட்டும் ஒடையாது."

நான் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போய், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லாத்தானே பத்த வெச்சேன் என்று இரண்டு தடவை முணுமுணுத்தார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திட்டாமலிருக்கவும் முடியவில்லை. அதற்குள் தொலைபேசி அடித்தது.

இவர்தான். ஸ்குவாட்ரன் அறையிலிருந்து கூப்பிடுகிறார். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"பைல இருந்தது காணோம். வீட்டுல இருக்கா?"

அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் நினைத்ததை எழுத ஒரு பக்கம் வேண்டும். நான்கு விமானங்களில் இவர் மூன்றாம் எண். முன்னால் தலைவர், இந்தப் பக்கம் நாலாம் எண், நடுவில் இவர். தலைவரின் இறக்கை நுனிக்கும் இவருடையதற்கும் இடையே ஒரு லாரிகூட நுழையாது என்று இவரே சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் என்ன செய்வார்? மாமனார் பேட்ஜை ஒட்ட வைத்துவிட்டார், அதனால் நான் பறக்கவில்லை என்று தலைவரிடம் போய் நிற்பாரா? நிற்க மாட்டார். பறப்பார். தலைக்குள் அதை வைத்துக்கொண்டு பறப்பார். கை நடுங்கினால் மன்னிக்கிற வேலை இல்லை அது. எனக்கு அந்தத் தகட்டைவிட இவர் தலைக்குள் புகப்போகிற அந்த நினைப்புதான் பயமாக இருந்தது.

"இருக்கு. இஸ்திரி போடறப்ப எடுத்து வெச்சிருக்காங்க. நான் வரும்போது கொண்டு வரேன்."

"உன்னோடது?"

"அது லேப்ல, என் மேசையில இருக்கு. போன வாரமே எடுத்துட்டுப் போயிட்டேன்."

ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. மூச்சை விட்டார். "நல்லவேளை. வரும்போது அந்தப் பக்கம் போயிடாத" என்று வைத்துவிட்டார்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். மறுபடி ஒடித்து, இவர் பாதியை இவரிடம் கொடுக்க வேண்டும். அப்பாவால் முடியவில்லை. ஒட்டியதை ஒடிக்கத் தன் கை வராது என்றார். குறடுகளை எடுத்து அவர் கையில் திணித்தேன். இரண்டு குறடால் இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தார். முதலில் வளைந்தது, பிறகு டப்பென்று போனது. போனது வேறு இடத்தில். அவர் சொன்னது சரிதான், ஒட்டு அசையவில்லை. இடது சிறகு அடியோடு பிய்ந்துவிட்டது. வலது சிறகோடு வட்டம் முழுசாக நின்றது. பழைய பாதியில் வட்டமும் பாதிதான். கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்து இது அதில்லை என்று சொல்லிவிடுவார்.

மணி எட்டே முக்கால். அப்பா நூல் ரம்பத்தை எடுத்து வட்டத்தின் நடுவே, தான் பற்றவைத்த கோட்டிலேயே அறுக்க ஆரம்பித்தார். நெற்றி வேர்வை மேசையில் சொட்டியது. அறுத்த விளிம்பு வழவழவென்று இருந்தது. உடைந்த விளிம்பு அப்படி இருக்காது. அதனால் அரத்தை எடுத்து அங்கங்கே கொத்திச் சொரசொரப்பாக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் அப்பா ஒரு பொருளைப் பழுதாக்க மெனக்கெட்டார். இவர் பாதி ஒருவாறு இவர் பாதியாக ஆனது. என் பாதி இரண்டு துண்டாகக் கிடந்தது.

மைதானத்துக்கு நடந்தே போனோம். எதிரில் வந்தவர்களெல்லாம் புதுத்துணியும் சிரிப்புமாக இருந்தார்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டவர்களுக்கு நல்லா இருக்கிறேன் என்று சொன்னேன். அன்று நான் சொன்ன பொய்களில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விமானங்களுக்குப் போவதற்கு முன் நான்கு விமானிகளும் வரிசையாக நடந்துவந்து, குடும்பத்தார் நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்பது வழக்கம். தலைவர் நின்றார், கடைசியில் 'கொசு' நின்றான். கொசு என்பது நாலாம் எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர். காதருகே விடாமல் பேசுவான், ஆளும் அந்த அளவுதான். இவர் எனக்கு நேரே வந்து நின்றார். கையுறை போட்டிருந்தார். எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

"கொண்டு வந்தியா?"

கைக்குட்டையில் மடித்ததைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். குழந்தைகளுக்கு ஊசி குத்தும்போது, வலிக்காதுடா கண்ணு என்று சொல்லும்போது, ஒரு முகம் வைத்துக்கொள்வேன். அதை வைத்துக்கொண்டேன். இவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அதை இடது பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பக்கத்தில் அப்பா வாயைத் திறப்பது தெரிந்தது. அவர் கால்மேல் என் காலை வைத்து அழுத்தினேன். வரேன் மாமா என்று அவரிடமும் தலையாட்டிவிட்டு இவர் போய்விட்டார்.

எங்கள் இருக்கை இரண்டாவது வரிசையில். எனக்கு வலது பக்கம் தலைவரின் மனைவி. அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். இருபது வருடமாக இந்த வரிசையில் உட்கார்ந்து பழகியவள், அசையாத பெண்பிள்ளை. ஒரு புதினா மிட்டாயை என் கையில் வைத்து, வாயில் போட்டுக்கோ, நாக்கு ஒட்டிக்காது என்றாள். இடது பக்கம் அப்பா. பாண்டு வாத்தியம் தொடங்குகிற நேரம் பார்த்து என் காதில் குனிந்தார். மீதி இரண்டு துண்டையும் வீட்டில் தனியாக விட்டுவர மனசு வரவில்லையாம், சட்டைப் பையில் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாராம்.

இரண்டு பாதியும் ஒரே மைதானத்தில். பெற்ற அப்பன் என்று பார்த்தேன், இல்லையென்றால் அங்கேயே ஏதாவது செய்திருப்பேன். எழுந்து போய் எங்காவது வீசிவிட்டு வரலாம் என்றால் அணிவகுப்பு உள்ளே வந்துவிட்டது. கொடி உள்ளே வந்தபின் யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது. அக்காவுக்கு முன்னால் அசையவே முடியாது.

அணிவகுப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று எல்லாம் கிட்டத்தில் தெரிந்தது. சரளைக்கல்மேல் நூறு பூட்ஸ் ஒரே சத்தமாக விழுந்தது. வெள்ளைக் கையுறை ஒன்றின் கட்டைவிரலில் ஒரு துளி மை. வாள் பிடித்த அதிகாரியின் கழுத்தில் வேர்வை வழிந்து காலருக்குள் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. துடைக்கக் கூடாது. எனக்கும் துடைக்கத் தோன்றவில்லை.

பிறகு பெயர் வாசிப்பு. இந்த ஸ்குவாட்ரனில் பறந்து திரும்பாத பதினோரு பேரின் பெயரையும் ஒருவர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மைதானத்தில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே குரலில், "உள்ளார்" என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோலத்தான், பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. எல்லா வருடமும் எனக்கு அது அழகாக இருக்கும். இந்த வருடம் ஒவ்வொரு "உள்ளார்"க்கும் நான் விரலை மடக்கி எண்ணினேன். பதினொன்று முடிந்தது. வாசித்தவர் காகிதத்தை மடித்தபிறகும் நான் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தேன்.

தாரை ஒலிக்கத் தொடங்கியது. அதுதான் விமானங்களுக்கு அடையாளம். நான்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தெரியும். தெரிந்ததிலிருந்து ஒன்பது எண்ணினால் மேடைக்கு நேரே வரும். அப்போது மூன்றாம் எண் மட்டும் வரிசையை விட்டுச் செங்குத்தாக மேலே ஏறி மறைந்துவிட வேண்டும். மற்ற மூன்றும் நடுவில் அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு அப்படியே போகும். போனவர்களுக்காகச் செய்கிற மரியாதை அது. ஸ்குவாட்ரனில் பெரிய கௌரவம், இவருக்குக் கிடைத்ததென்று இரண்டு வாரம் தரையில் நடக்காமல் திரிந்தார். ஒத்திகையை நான் மாடியில் நின்று பதினான்கு தடவை எண்ணியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒன்பது தவறியதில்லை.

தொட்டிக்கு மேலே நான்கு புள்ளி. ஒன்று. இரண்டு. சத்தம் இன்னும் வரவில்லை. மூன்று. நான்கு. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஐந்து.

ஐந்தில் மூன்றாவது விமானம் சற்றே சரிந்தது. பார்க்காதவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. தலைவரின் இறக்கையை நோக்கி ஒரு நழுவல், அவ்வளவுதான். இரண்டு விமானத்துக்கும் நடுவே தெரிந்த வானம் காணாமல் போனது. ஆறு. ஏழில் அது மேலே பாய்ந்தது. தலைமேல் இடி மாதிரிச் சத்தம் வந்து விழ, மூன்று விமானங்கள் எங்களைக் கடந்துபோயின. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஏழு. ஒன்பது இல்லை, ஏழு.

அக்காவும் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வானத்தையே பார்த்தாள்.

"நீ எண்ணினியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"நான் எண்ணினேன்" என்றாள். அவள் கையிலிருந்த மிட்டாய்க் காகிதம் சின்ன உருண்டையாகிக்கொண்டே போனது. நான் காப்பாற்ற நினைத்தது என் புருஷனை. அவள் புருஷனையும் சேர்த்துத்தான் பணயம் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைவர் இறங்கினார். இரண்டாம் எண் இறங்கியது. கொசு இறங்கினான். மூன்றாம் எண் தனியாக ஏறிப் போனதால் கடைசியில்தான் வரும். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? ஓடுபாதையின் கோடியில் வெயில் நெளிந்தது. மேடையில் யாரோ ஐம்பது வருடச் சாதனைகளைப் பேசிக்கொண்டிருந்தார். நான் வேண்டாத சாமி இல்லை, வேண்டுகிற பழக்கமும் இல்லாதவள். ஒருவழியாகச் சக்கரம் தரையைத் தொட்டுக் கொஞ்சம் புகை கிளம்பியது. அப்பா வாய்விட்டு அழுதார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, பெரியவருக்குப் பூரிப்பு என்று சொல்லிச் சிரித்தார்.

தேநீர்ப் பந்தலுக்கு முதலில் வந்தவன் கொசு. சிரித்துக்கொண்டுதான் வந்தான். ஆனால் உதடு வெளுத்திருந்தது. "அண்ணி, இன்னிக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஆரம்பித்தவன், எனக்குப் பின்னால் அக்கா நிற்பதைப் பார்த்ததும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். தலைவர் எங்களைக் கடந்துபோகும்போது நின்று, எனக்கு வணக்கம் சொன்னார். மூன்றாம் எண்ணை நாளைக் காலை தன் அறைக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனார். அக்கா நடக்கும்போது அவரை ஒட்டியே நடந்தாள்.

இவர் வந்தார். பந்தலுக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகள் பக்கமாக என்னைக் கூப்பிட்டார். கூப்பிடாமலே அப்பாவும் வந்தார். இவர் கையுறையைக் கழற்றியிருந்தார். உள்ளங்கையில் அந்தப் பாதி.

"மாமா, இதை யார் அறுத்தது?"

அதற்கே காத்திருந்ததுபோல அப்பா கொட்டித் தீர்த்துவிட்டார். நூல் தேடியதிலிருந்து அரத்தால் கொத்தியதுவரை ஒன்றையும் விடவில்லை. நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னார். கடைசியில் கையைக் கூப்பினார். இவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். விமானத்தைச் செங்குத்தாக ஏற்றுவதற்கு முன்னால் எப்போதும் பையை ஒரு தடவை தொட்டுக்கொள்வாராம், பழக்கம். ஆறு வருடமாக அந்த விளிம்பு கட்டைவிரலுக்குப் பாடம். கையுறை மெல்லிசுதான், துணிக்கு மேலேயே தெரிந்துவிட்டது. இது என்னது இல்லையே என்று ஒரே ஒரு கணம் கீழே குனிந்து பையைப் பார்த்திருக்கிறார். நிமிர்ந்தபோது தலைவரின் இறக்கை கண்ணாடிக்கு வெளியே இருந்திருக்கிறது. "கையை நீட்டினா தொட்டிருப்பேன்" என்றார். ஒன்பதுவரை இருக்க முடியாமல் ஏழிலேயே ஏறிவிட்டார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து மற்ற இரண்டு துண்டுகளையும் எடுத்தார். இவர் தன் பாதியை அவற்றோடு சேர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். வைத்து, விரல்களை மடக்கியும் விட்டார்.

"மூணும் ஒண்ணாத்தான் இருக்கு. நானும் உங்க முன்னாடிதான் நிக்கறேன். நீங்க போய் டீ குடிங்க மாமா."

அப்பா போனார். நான் பேச ஆரம்பித்தேன். தெரிந்தால் உங்கள் கை நடுங்கும் என்றுதான் மறைத்தேன், வேறு எதற்காகவும் இல்லை, சத்தியமாக என்று ஏதேதோ சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது. இவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது எனக்குப் புரியுது" என்றார். "ஆனா கயித்துக்கிட்ட நின்னு நீ குடுத்தப்ப உன் முகத்தைப் பார்த்தேன். எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருந்துச்சு. ஆறு வருஷமா நான் அந்தத் தகட்டை நம்பிப் போகல. உன் முகத்தைப் பார்த்துட்டு, சரி எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு போவேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இனிமே எதைப் பார்த்துட்டுப் போறதுன்னு தெரியல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஒரு வாரம் இவரைப் பறக்க விடாமல் தரையில் வைத்தார்கள். கையுறை பையின் ஜிப்பில் மாட்டிக்கொண்டது என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறார். தலைவர் நம்பினாரா என்று கேட்டேன், இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்பா மறுநாளே தகரப் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் எப்போதும்போலப் பேசினோம், சாப்பிட்டோம், துணி மடித்தோம். ரசத்தில் உப்பு சரியா என்று நான் கேட்டால் சரி என்பார். நிஜமாகவே சரியா என்று எனக்கும் சந்தேகம் வர ஆரம்பித்தது.

வியாழக்கிழமை காலை மறுபடி பறக்கச் சொல்லிவிட்டார்கள். ஆறு மணிக்கு பூட்ஸ் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் குளிர்ந்த தண்ணீரால் நாலு தடவை முகத்தைக் கழுவியிருந்தேன். பயத்தைக் காட்டினால் அதை எடுத்துக்கொண்டு போவார். காட்டாவிட்டால் நம்ப மாட்டார். எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

பத்திரமாகப் போய்விட்டு வரச் சொன்னேன். இவர் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாக. நேரமாகிவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.